மிதுராவின் கதிரை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

திருகோணமலைத் துறைமுகத்தைத் தேடிப் போர்த்துக்கேயர் வந்தார்கள், ஒல்லாந்தர் வந்தார்கள், பிரெஞ்சுக்காரர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள். பீரங்கியை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஆளுக்கொரு விதமாக யோசித்தார்கள், திருப்பினார்கள், போய்விட்டார்கள். ஆனால் ‘திசை’ என்ற விடயத்தைப் பற்றி இந்த ஊர் உண்மையாகவே, ஆழமாக, தேத்தண்ணி வடையுடன் சிந்தித்தது என் பெறாமகள் மிதுராவின் கார்க் கதிரை விடயத்தில்தான். அந்த வரலாற்றைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நான் மிதுராவின் பெரியப்பா. அத்தோடு, துறைமுக ஒழுங்கை வீதிப் பாதுகாப்புச் சங்கத்தின் செயலாளர்.

சங்கத்தை அறியாதவர்களுக்காக ஒரு சொல். ஒழுங்கையின் வளைவில் ‘வேகம் வேண்டாம்’ என்று பெரிய பதாகை கட்டியது நாங்கள்தான். பதாகை வளைவை மறைத்துவிட்டதால் அடுத்த கிழமை இரண்டு சைக்கிள்கள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. சங்கம் உடனே கூடியது. ‘கவனம், முன்னால் பதாகை’ என்று இன்னொரு பதாகை கட்டினோம். இப்படித் துரிதமாக இயங்கும் சங்கம் இலங்கையில் வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

தலைவர் யோகலிங்கம் சேர், ஓய்வுபெற்ற அதிபர். பொருளாளர் ஜமால்தீன் நானா, சந்தையடியில் இரும்புக் கடை வைத்திருப்பவர். செயலாளர் யாரென்று சொல்லிவிட்டேன்.

இனிக் கதிரை. என் தம்பி இராகுலன் ஒரு சின்ன யப்பான் கார் வாங்கினான். அவன் மனைவி பிரியதர்சினி தபால் கந்தோரில் வேலை செய்பவள். அவளுடைய தங்கை நோர்வேயில் இருக்கிறாள். கார் வாங்கிய சேதி கேட்டதும் தங்கை அங்கிருந்து ஒரு குழந்தைக் கதிரையை அனுப்பி வைத்தாள். கறுப்பு நிறம், மெத்தை, ஐந்து வார்கள். பிரியதர்சினி அதைப் பின் ஆசனத்தின் இடது பக்கத்தில் வைத்துப் பூட்டினாள். பூட்டிய விதத்தில்தான் வந்தது வில்லங்கம். கதிரையின் முதுகு காரின் முன்பக்கம். குழந்தையின் முகம் காரின் பின்பக்கம். அதாவது கார் வடக்கே குச்சவெளிக்குப் போனால், ஒன்றரை வயது மிதுரா திருகோணமலையைப் பார்த்துக்கொண்டே போவாள்.

முதலில் கண்டவர் ஜமால்தீன் நானா.

“தங்கச்சி, கதிரை மாறிப் பூட்டி இரிக்கி,” என்றார். “கடைக்குக் கொண்டு வாங்க. ஸ்பானர் போட்டுத் திருப்பித் தாறன். உங்களுக்குக் காசு வேணாம்.”

“மாறிப் பூட்டேல்ல நானா. இப்பிடித்தான் பூட்ட வேணும்.”

“புள்ள பின்னுக்குப் பாக்குதே!”

“ஓம். பின்னுக்குத்தான் பாக்க வேணும்.”

நானா அன்று முழுவதும் கடையில் ஆணி நிறுக்கவில்லை என்று கேள்வி. வந்த வாடிக்கையாளர் எல்லோருக்கும் இந்தச் செய்தியையே நிறுத்துக் கொடுத்திருக்கிறார்.

இரண்டாவதாகக் கண்டவர் தலைவர். வெள்ளிக்கிழமைகளில் என் தம்பியின் காரில் முன் ஆசனத்தில் அமர்ந்து கோயிலுக்குப் போவது அவர் வழக்கம். பின்னால் கதிரை வைக்க இடம் வேண்டுமென்று பிரியதர்சினி முன் ஆசனத்தை நன்றாக முன்னுக்குத் தள்ளியிருந்தாள். தலைவரின் முழங்கால்கள் இரண்டும் டாஷ்போர்டில் முட்டின. கோயில்வரை முட்டிக்கொண்டே போனார், முட்டிக்கொண்டே வந்தார். இறங்கியதும் என்னைக் கூப்பிட்டார்.

“செயலாளர், ஒரு தேசத்தின்ர எதிர்காலம் பின்னுக்குப் பாத்துக்கொண்டு போகுது. என்னால இதைத் தாங்க ஏலாது. கூட்டம் போடுங்கோ.”

தன் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொதுவாழ்வில் இருப்பவர்களின் பெருந்தன்மை அது.

ஞாயிறு பின்னேரம் தம்பி வீட்டு விறாந்தையில் விசேட பொதுக்கூட்டம் நடந்தது. விவாதப் பொருள்: ‘மிதுராவை முன்னோக்கித் திருப்பும் காலம்.’ தலைவர் பெரிய கதிரையில் அமர்ந்தார். மிதுரா நிலத்தில் அமர்ந்து ஒரு அகப்பையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் எழுந்தார்.

“முன்னுக்குப் பாக்கிறது முற்போக்கு. பின்னுக்குப் பாக்கிறது பிற்போக்கு. தமிழே சொல்லித் தந்திருக்கு, வேற ஆதாரம் என்னத்துக்கு? முன்னேற்றம் எண்டு சொல்லுறம். ஆராவது பின்னேற்றம் எண்டு சொல்லுறானா?”

கைதட்டினோம். நானா இருமுறை தட்டினார்.

பிரியதர்சினி குசினியிலிருந்து வடைத் தட்டோடு வந்தாள். “சேர், நான் ஒண்டு சொல்லலாமா?”

“தாய் என்ற முறையில் சொல்லலாம்,” என்று தலைவர் அனுமதித்தார்.

“இந்த வயசில பிள்ளையளுக்குத் தலை பாரம், கழுத்து பிஞ்சு. கார் சடாரெண்டு நிண்டா, முன்னுக்குப் பாத்திருக்கிற பிள்ளையின்ர உடம்பை வார் பிடிச்சு வைக்கும், தலையை ஒண்டும் பிடிக்காது. அது முன்னுக்கு வீசுப்படும். பின்னுக்குப் பாத்திருந்தா முதுகு, கழுத்து, தலை எல்லாத்தையும் கதிரை தாங்கும். அவ்வளவுதான் விசயம்.”

“என்ர கழுத்தைப் பாருங்கோ,” என்றார் தலைவர். எல்லோரும் பார்த்தோம். “முன்னுக்குப் பாத்தே வளந்த கழுத்து.”

“சேர் வளந்த காலம் மாட்டு வண்டில் காலம்.”

“மாட்டு வண்டிலிலயும் முன்னுக்குத்தான் பாத்தனான்!”

நானா தொண்டையைச் செருமினார். “அது கிடக்கட்டும் தங்கச்சி. புள்ளைக்குக் கால் நீட்ட இடமில்லையே. மடங்கிக் கிடக்கு, பாவம்.”

“நானா, கலியாண வீட்டில சஹன் சாப்பாட்டுக்கு ஒரே தட்டைச் சுத்தி இருக்கேக்க உங்கட கால் எங்க கிடக்கும்?”

“மடங்கித்தான் கிடக்கும்.”

“நோகுமா?”

நானா உண்மையாகவே யோசித்தார். “இறைச்சி நல்லா வெந்திருந்தா நோகாது.”

“அப்ப எப்பத்தான் திருப்புறதா உத்தேசம்?” என்று நான் செயலாளர் குரலில் கேட்டேன்.

“கதிரையில எழுதிக்கிடக்கிற நிறையை அவள் தாண்டோணும், இல்லாட்டி அவளின்ர தலை கதிரை விளிம்பை எட்டோணும் பெரியத்தான். எது முந்தி வருதோ அது. அதுவரைக்கும் பின்னுக்குத்தான். மூண்டு வயசானாலும் சரி, நாலானாலும் சரி.”

“நாலு வயசா!” தலைவர் நெஞ்சில் கை வைத்தார். “நாலு வயசில நான் தேவாரம் பாடினனான்!”

“பின்னுக்குப் பாத்தும் பாடலாம் சேர்.”

இந்த இடத்தில் என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இராகுலன் மிக நல்லவன். கடைசியாகக் கதைத்தவர் யாரோ அவர் சொல்வதுதான் அவனுக்குச் சரி. பிரியதர்சினி கதைத்தபோது “ஓம்” என்றான். தலைவர் கதைத்தபோதும் “ஓம்” என்றான். சங்கம் இதை நன்கு அறியும். ஆகவே தலைவர் கடைசியாகக் கதைத்துவிட்டு உடனே வாக்கெடுப்புக்கு விட்டார். தம்பியின் கை தானாக உயர்ந்தது. வருகின்ற பறுவத்தில், பௌர்ணமி நாளில், மங்கல விளக்கேற்றி, கதிரையை முன்னோக்கித் திருப்புவதென்று ஏகமனதாக முடிவாயிற்று. பிரியதர்சினி உறுப்பினர் அல்லாதபடியால் அவளுடைய எதிர்ப்பு ஏகமனதைப் பாதிக்கவில்லை.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் வடையைப் பார்த்தான். அவளுக்குக் கண் கலங்கியதை நான் கண்டேன், ஆனால் அது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

வடைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னாள். “சரி. பறுவத்துக்கு முதல் ஒரேயொருக்கா எல்லாரும் எங்களோட காரில வாங்கோ. பிள்ளை எப்பிடி இருக்கிறாள் எண்டு உங்கட கண்ணால பாருங்கோ. அவள் அழுதா, சத்தியெடுத்தா, கஷ்டப்பட்டா, நானே இறங்கித் திருப்பி வைக்கிறன். பேந்து வாய் திறக்க மாட்டன்.”

“களப் பரிசோதனை!” என்றார் தலைவர். “குச்சவெளிக்குப் போவம். அங்க நல்ல நண்டு இருக்கு.”

சனிக்கிழமை காலை புறப்பட்டோம். தம்பி ஓட்டினான். பக்கத்தில், முழங்கால் முட்ட, தலைவர். அவர் ஆசனப்பட்டி போட்டால் சேட்டு கசங்கும். போடாவிட்டால் கார் ‘கீக் கீக்’ என்று கத்தும். இந்த முரண்பாட்டுக்கு நானாவின் கடையில் தீர்வு இருந்தது. பட்டியின் கொளுக்கி மட்டும் தனியாக, பட்டியில்லாமல் விற்கிறார்கள். அதைத் துளையில் செருகிவிட்டால் கார் ஏமாந்து வாயை மூடிக்கொள்ளும். வீதிப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர், பொருளாளரிடம் வாங்கிய அந்தக் கருவியைச் செருகினார். கார் அமைதியடைந்தது. நிலாவெளிக்கு முன்னால் பொலிஸ் நின்ற இடத்தில் மட்டும் பட்டியை இழுத்து நெஞ்சுக்குக் குறுக்காகக் கையால் பிடித்துக்கொண்டு புன்னகைத்தார். பொலிஸ்காரரும் புன்னகைத்தார்.

பின்னால் இடப்பக்கம் மிதுரா, நடுவில் பட்டி போட்டுக்கொண்டு பிரியதர்சினி, வலப்பக்கம் நான். பின் ஆசனத்தில் இருப்பவர்களுக்குப் பட்டி ஒரு ‘ஆடம்பரம்’ என்பது என் நெடுநாள் கொள்கை. முன் ஆசனம் இருக்கிறதே பிடித்து நிறுத்த.

காரில் இடம் போதாமையால் ஜமால்தீன் நானா ‘வெளிப்புறப் பார்வையாளர்’ என்று நியமிக்கப்பட்டு ஸ்கூட்டரில் வந்தார். குழந்தையின் முகத்தை அவதானிப்பது அவர் பொறுப்பு. அதற்காகக் காரின் இடப்பக்கமாக, மிதுராவின் யன்னலோடு ஒட்டி ஓட்டினார். கடமையுணர்ச்சி மிகுந்தவர் ஆகையால் வீதியைப் பார்க்கவேயில்லை.

நிலாவெளி தாண்டும் மட்டும் மிதுரா மிகுந்த சந்தோசமாக இருந்தாள். பின் கண்ணாடியால் தென்னைகள் ஓடுவதைப் பார்த்தாள். பின்னால் வந்த பஸ் சாரதிக்குக் கை காட்டினாள். அவர் ஹோர்ன் அடித்தார். அவள் சிரித்தாள். ஒரு பிஸ்கட்டைச் சாப்பிட்டாள், இன்னொன்றை என் சேட்டில் பூசினாள்.

“எப்பிடி, சந்தோசமாத்தானே இருக்கிறாள்?” என்று பிரியதர்சினி கேட்டாள்.

“கள நிலைமை அவதானிக்கப்படுகிறது,” என்றேன்.

இறக்கக்கண்டிப் பாலம் கடந்ததும் நிலைமை மாறியது. நானா இன்னும் நன்றாக அவதானிக்க விரும்பி ஹெல்மெட்டோடு முகத்தைக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுவந்து பல்லைக் காட்டினார். அன்பினால்தான் காட்டினார். ஆனால் ஓடுகிற காரின் யன்னலில் திடீரென்று தாடியும் ஹெல்மெட்டும் பல்லுமாக ஒன்று தோன்றினால் எந்தக் குழந்தைதான் பொறுக்கும்? மிதுரா உதட்டைப் பிதுக்கினாள். பிறகு பெரிதாக வீரிட்டாள்.

“அழுதிட்டுது!” தலைவர் துள்ளினார். “பிள்ளை அழுதிட்டுது! செயலாளர், நேரத்தைக் குறியுங்கோ!”

“சேர், அது நானாவைக் கண்டு பயந்து…”

“காரணம் முக்கியமில்லை, கண்ணீர்தான் முக்கியம். பின்னுக்குப் பாத்தபடியாத்தானே நானாவைக் கண்டது? முன்னுக்குப் பாத்திருந்தா என்னைக் கண்டிருக்கும்!”

இப்படிச் சொல்லிக்கொண்டே தலைவர் ஆசனத்தில் முழங்காலை ஊன்றி, உடம்பை முழுதாகத் திருப்பி, இரண்டு ஆசனங்களுக்கும் நடுவால் எங்களை நோக்கிக் கை நீட்டிப் பேச ஆரம்பித்தார். முதுகு கண்ணாடிப் பக்கம், முகம் எங்கள் பக்கம். முற்போக்குக்காக இவ்வளவு பாடுபட்ட மனிதர், முக்கியமான அந்தக் கணத்தில் முழுப் பிற்போக்காக இருந்தார்.

“தம்பி இராகுலன், காரை நிப்பாட்டு! கதிரையை இப்பவே திருப்புவம்!”

பிரியதர்சினி சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவள். பட்டியைக் கழற்றக் கையைக் கொண்டு போனாள்.

“என்னப்பா,” என்று தம்பியிடம் மெல்லக் கேட்டாள், “நிப்பாட்டவா போறியள்?”

அதற்குள் வளைவு வந்தது. வளைவில் நடு வீதியில் ஐந்தாறு மாடுகள் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன.

தம்பி பிறேக்கை மிதித்தான். மிதித்தான் என்றால், நிலத்தில் துளை போடுவது போல மிதித்தான்.

தலைவர் கதைத்துக்கொண்டிருந்த வசனம் ஆசனத்தில் இருந்தது, தலைவர் டாஷ்போர்டில் இருந்தார். முதுகு அங்கே மோத, பிடரி கண்ணாடியில் ‘டங்’ என்று அடித்தது. என் மூக்கு, என் கொள்கைப்படியே, முன் ஆசனத்தால் பிடித்து நிறுத்தப்பட்டது. நல்லவேளை, பிரியதர்சினி பட்டியைக் கழற்றியிருக்கவில்லை. அவள் முன்னுக்குச் சாய்ந்து பட்டியில் தொங்கி நின்றாள். வெளியே, மாட்டையும் வீதியையும் பார்க்காத வெளிப்புறப் பார்வையாளர் எங்களை முந்திச் சென்று, யாரோ வீடு கட்டக் குவித்திருந்த மணற்கும்பியில் ஸ்கூட்டரோடு ஏறி, உச்சியில் பிள்ளையார் போல அமர்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. மிதுராவின் அழுகைச் சத்தமும் இல்லை.

அந்த மௌனத்தை நான் மறக்க மாட்டேன். பிரியதர்சினி பட்டியை இழுத்து அறுப்பது போலக் கழற்றிக்கொண்டு கதிரையின் மேல் குனிந்தாள். “மிது… மிது… என்ர குஞ்சு…” அவள் கை குழந்தையின் பிடரிக்குப் பின்னால் போய்த் தடவியது, கழுத்தைத் தடவியது, திரும்பவும் பிடரியைத் தடவியது. தம்பி ஓட்டுநர் ஆசனத்திலிருந்து திரும்பிப் பார்த்தான்.

மிதுரா கதிரையில் அமுங்கி, சாய்ந்தபடி இருந்தாள். கண் இரண்டும் வட்டமாக விரிந்திருந்தன. கதிரை அவளை முதுகிலிருந்து உச்சந்தலைவரை உள்ளங்கையில் ஏந்தியது போல ஏந்தியிருந்தது. அவள் அம்மாவைப் பார்த்தாள். என் மூக்கைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் தூக்கி, காருக்குக் கட்டளையிட்டாள்:

“இன்னும்!”

பிரியதர்சினி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். தம்பி இறங்கிப் பின் கதவைத் திறந்து, குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றான். ஒரு மாடு எழுந்து வந்து என்ன நடந்தது என்று விசாரித்துவிட்டுப் போயிற்று.

தலைவர் டாஷ்போர்டிலிருந்து இறங்கி, தலையைப் பிடித்துக்கொண்டு, “அப்ப… திருப்புற விசயம்…” என்று ஆரம்பித்தார்.

“திருப்புறேல்ல சேர்,” என்றான் என் தம்பி.

பிறந்ததிலிருந்து அவன் சொந்தமாகச் சொன்ன முதல் வசனம் அது. எனக்கே திடுக்கிட்டது.

“எப்பவரைக்கும்?”

“பிரியா சொல்லுற வரைக்கும்.”

நண்டு வாங்காமலே திரும்பினோம். திரும்பும்போது தம்பி தலைவருக்குப் பட்டியைத் தன் கையாலேயே மாட்டிவிட்டான். நானா மணலைத் தட்டிவிட்டு, இம்முறை காருக்குப் பின்னால், வீதியைப் பார்த்துக்கொண்டு வந்தார். மிதுரா அவருக்கு வழி முழுவதும் கை காட்டினாள். தூரத்திலிருந்து பார்க்க அவர் அழகாகத்தான் இருந்தார்.

மறுநாளே தம்பி வீட்டு விறாந்தையில் அவசரக் கூட்டம். தலைவரின் பிடரியில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். என் மூக்கில் பிளாஸ்ரர். நானாவுக்கு மட்டும் ஒன்றுமில்லை, ஆனால் காதில் இன்னும் மணல். சங்கம் எவ்வளவு பரந்த மனம் கொண்டது என்பதை அன்று கண்டேன். தலைவர் எழுந்து, சற்றும் தயங்காமல் முழங்கினார்:

“பின்னுக்குப் பாக்கிறதுதான் உண்மையான முற்போக்கு! இதை நான் தொடக்கத்திலயே சொன்னனான்!”

கைதட்டினோம். குழந்தையின் தலை கதிரை விளிம்பை எட்டும்வரை, அல்லது குறித்த நிறையைத் தாண்டும்வரை, பின்னோக்கியே இருத்துவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். “எண்ட கடையில அந்தக் கொளுக்கியை இனி விக்க மாட்டன், கிடக்கிறது முடிஞ்சதும்,” என்று நானா அறிவித்தார். இரவில் மாடுகளுக்கு வாலில் ஒளிரும் பட்டி கட்ட வேண்டுமென்றும் ஒரு தீர்மானம் நிறைவேறியது. பட்டி போடாதது மாடுதான் என்று விசாரணையில் தெரியவந்திருந்தது. ‘பிள்ளைகளின் பாதுகாப்பே எங்கள் மூச்சு’ என்று புதுப் பதாகைக்கு வாசகமும் தெரிவு செய்தோம். பிரியதர்சினிக்கு நன்றி சொல்ல நினைத்திருந்தோம், நேரம் போதவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தோம். தலைவர் அன்று தன் நாலு வயதுப் பேத்தியைக் கூட்டி வந்திருந்தார். மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் பண்ணினார். வீக்கத்துக்கு மேல் ஹெல்மெட் இறங்காததால் அதைக் கையில் கோர்த்துக்கொண்டார். பேத்தியைத் தூக்கிப் பெற்றோல் டாங்கின் மேல் தனக்கு முன்னால் இருத்தினார். பிள்ளை இரண்டு கையாலும் கண்ணாடிக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டது.

மிதுராவை இடுப்பில் வைத்தபடி பிரியதர்சினி படியிறங்கி வந்தாள்.

“சேர், இவவை…”

“இவவா?” தலைவர் பெருமையோடு பேத்தியின் தலையைத் தடவினார். “இவ முன்னுக்குத்தான் பிள்ளை. எழும்பி நிக்கத் தொடங்கின நாளிலயிருந்து முன்னுக்குத்தான்.”

“இவர் காரில கொண்டுவந்து விடுவார் சேர். ஒரு நிமிசம் நில்லுங்கோ.”

“சீச்சீ, என்னத்துக்கு? இந்தா பக்கத்தில, கடற்கரை வீதியால ஒரு ஓட்டம்.”

பிரியதர்சினி என்னைப் பார்த்தாள். தலைவரைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். ஆனால் கூட்டம் முடிந்த பிறகு எழுப்பப்படும் விடயங்களை எடுத்துக்கொள்ள எங்கள் யாப்பில் இடமில்லை. செயலாளர் என்ற முறையில் என்னால் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. அதைச் சரியாகச் செய்தேன்.

ஓடிப்போய், அவர்கள் வேகம் குறைக்கத் தேவையில்லாதபடி, கேற்றை அகலத் திறந்துவிட்டேன்.